புரட்டாசியில் பசித்த பவளங்கள்

தொட்டியை எப்படிக் கழுவுவது, உப்பை எவ்வளவு கரைப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருகிற ஆட்களும் அதில் இருக்கிறார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை வீடு வீடாக மோட்டாரில் போய்க் கடல்தொட்டி பராமரித்தவன் நான். இப்போது முட்டி வலிக்கிறது, நிறுத்திவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். என் திறமையைப் பற்றிப் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

வெளிச்சம் வேண்டாத பவளம் என்று சொன்னதுமே வாடிக்கையாளர் முகம் மலரும். பெரிய விளக்கு வேண்டாம், ஆகவே சுலபம் என்று நினைப்பு. உங்களில் பாதிப் பேர் இப்போதுகூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மற்றப் பவளங்களுக்குள் பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசியே சமைத்துப் போட்டுவிடும். இவற்றுக்கு அந்தச் சமையல்காரன் கிடையாது. ஆரஞ்சு நிறச் சூரியப் பவளத்தில் ஒரு கல்லுக்கு நாற்பது வாய் என்றால், நாற்பது வாய்க்கும் நீங்கள்தான் ஊட்ட வேண்டும். விட்டால் பட்டினி. அதிகம் போட்டால் மிச்சம் அழுகித் தண்ணீர் கெடும். பசித்தாலும் அது சுருங்கிக்கொள்ளும், தண்ணீர் கெட்டாலும் சுருங்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முனியாண்டி அண்ணன் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வேலையை விட்டபின் லுக்குட்டில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டார். யார் வீட்டிலோ இந்த ஆரஞ்சுப் பவளத்தைப் பார்த்து மயங்கி, என்னைக் கூப்பிட்டுத் தொட்டி வைக்கச் சொன்னார். மூன்று கல். நூற்றுக்கும் மேல் வாய். லோரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையால் நீண்ட பீச்சுக்குழலைப் பிடித்துக்கொண்டு, ஐஸ் உருக்கிய குட்டி இறாலை ஒவ்வொரு வாயிலும் வைப்பார். நான் ஊட்டுவதைவிட அவர் நன்றாக ஊட்டினார் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பொதுவாக இவை பொழுது சாய்ந்தபின்தான் விரியும். அண்ணன் தினமும் ஒரே நேரத்தில் இறால் உருகிய நீரை நாலு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருந்து, காலை எட்டு மணிக்கு விரியும்படிப் பழக்கிவிட்டார்.

தொட்டி வைத்து ஒரு வருடம் ஆகுமுன் அவருக்கு இருதயத்தில் அடைப்பு என்றார்கள். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். அதற்கு இரண்டு வாரம் முன்பே சேரச் சொல்லிவிட்டார்கள். போகிற அன்று என்னையும் மனைவி லெட்சுமி அக்காவையும் தொட்டி முன்னால் நிற்க வைத்தார்.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. ஒரு வாயும் விடக் கூடாது. ஜோசப்பு, நீ போன் போட்டுக் கேட்டுக்க. நான் வரப்ப இதெல்லாம் விரிஞ்சிருக்கணும்லா."

"வரப்ப" என்று அவர் சொன்னதுமே அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வருவாரா என்ற பயம் அந்த வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் மம்பாவில் என் வீட்டிலிருந்து போன் செய்வேன். "சாப்பாடு குடுக்கறீங்களாக்கா?" என்று கேட்பேன். "குடுக்கறேன் தம்பி, ஒவ்வொரு வாய்க்கும்" என்பார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். எல்லாம் சுருங்கிக் கிடக்கிறது, தண்ணீரும் கலங்கலாக இருக்கிறது என்றார். படம் அனுப்பச் சொன்னேன். பார்த்தேன். பயத்தில் அளவுக்கு மேல் போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிட்டார் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டே முடிவு செய்தேன்.

"கொறச்சுக் குடுங்கக்கா. நாலு நாளைக்கு ஒரு தடவ போதும்."

"சரி தம்பி."

அடுத்த திங்கட்கிழமை நேரில் போனேன். கல்லின் ஓரத்தில் இருந்த குட்டி வாய்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. பெரியவற்றில் சதை இறங்கி வெள்ளை ஓடு தெரிந்தது. தண்ணீரைச் சோதித்தேன். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் இப்படிச் சாகடிக்கிற அளவுக்கு எதுவும் இல்லை. அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"என்னக்கா குடுக்கறீங்க?"

அக்கா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். பாசியில் செய்த பச்சை வில்லைகள். பாசி தின்னும் மீனுக்குப் போடுவது. லுக்குட் கடையில் போய், "சைவமா மீன் சாப்பாடு இருக்கா" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதை நீரில் குழைத்து, கணவர் காட்டிக்கொடுத்தபடியே, பீச்சுக்குழலால் ஒவ்வொரு வாயிலும் வைத்திருக்கிறார். அதுகள் துப்பியிருக்கின்றன. அதுதான் அந்தக் கலங்கல். ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தேன். தேங்காய்ப்பூ, பட்டாணி, வெண்டைக்காய். நான் வாங்கிக் கொடுத்திருந்த இறால் பொட்டலம் ஒன்றுகூட இல்லை.

"புரட்டாசி பொறக்குறதுக்கு மொத நாளே எல்லாத்தையும் எடுத்துட்டேன் தம்பி. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டேன். மத்த வருசம் இவ்ளோ பாக்க மாட்டேன். இந்த வருசம் அவருக்காக வேண்டியிருக்கேன். மாசம் முடியற வரைக்கும் வீட்டுக்குள்ள மாமிசம் நொழையக் கூடாது."

நான் கிறிஸ்தவன். ஆனாலும் இந்த ஊரில் புரட்டாசி வந்தால் யாருக்குத் தெரியாது? சாப்பாட்டுக் கடைக்காரன்கூட அந்த மாதம் கறிச்சட்டியைச் சின்னதாக்கிவிடுவான். எனக்குத் தோன்றவில்லை. பட்டினி கிடந்ததைப் பார்த்து, இன்னும் குறைத்துச் சாப்பிடு என்று சொன்னவன் நான். 

"இப்படியே விட்டா பத்து நாள்ல எல்லாம் போயிரும்க்கா. இறால் குடுத்தே ஆகணும்."

"அதுங்களுக்கு இறால், எனக்கு அவரு." அக்கா கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். "வியாழக்கிழம ஆப்பரேஷன். இப்பப் போயி நான் வாக்க மீற முடியாது தம்பி. நீங்களும் எதுவும் போட்டுறாதீங்க."

"சரிக்கா" என்றேன்.

அவர் பூசையறைக்குள் போனார். நான் வெளியே போய் மோட்டாரில் கட்டியிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று அதற்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். தொட்டி அண்ணனுடையது, அவர் என்னை நம்பி விட்டுப்போனார், பவளத்துக்குப் புரட்டாசி தெரியுமா என்றெல்லாம். உண்மை அதுவல்ல. குறைத்துக் கொடு என்று சொன்னது நான். அண்ணன் வந்து பார்ப்பதற்குள் என் தப்பு தெரியாமல் போக வேண்டும், அதுதான் விஷயம். உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவசரப்படும்போது உங்களுக்கு நிறைய நியாயங்கள் கிடைக்கும். அப்படிக் கிடைக்க ஆரம்பித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே மணிச் சத்தம் கேட்டது. இறால் நீரை நாலு சொட்டு விட்டேன். பவளம் வாயைத் திறக்கக் கால் மணி நேரம் ஆகும். அக்காவின் பூசை அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். கதவைப் பார்ப்பதும் கண்ணாடியைப் பார்ப்பதுமாக நின்றேன். வீச்சம் போய்விடுமா என்று சன்னலைத் திறந்தேன். ஒன்று இரண்டாகப் பவள வாய்களைச் சுற்றிக் கைகள் நீளத் தொடங்கியதும், திருடனைப் போல அவசர அவசரமாக ஊட்டினேன். அவர் சாம்பிராணித் தட்டோடு வெளியே வந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, ஆப்பரேஷனுக்கு முதல் நாள், இரண்டாம் தடவை. பவளங்களில் சதை கொஞ்சம் உப்பியிருந்தது. அக்காவே பார்த்துவிட்டு, "தெளிஞ்ச மாதிரி இருக்குல்ல தம்பி? சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்தது. மகன் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தான். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் காலையில் யாரையும் விடமாட்டார்கள் என்பதால், அக்கா வீட்டில் பூசையை முடித்துவிட்டு மதியம் மருமகன் காரில் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை நான் மூன்றாம் தடவை ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதி வாய்களுக்கு வைத்து முடித்திருந்தேன். பூசையறையில் போன் அடித்தது. மணிச் சத்தம் நடுவில் நின்றது.

"தம்பி, அவருக்கு ரத்தம் நிக்கலையாம். திரும்ப உள்ள கொண்டு போறாங்களாம்."

சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். பீச்சுக்குழலை மறைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவர் பார்வை என்னைத் தாண்டித் தொட்டிக்குப் போனது. முன்கல்லில் ஒரு பெரிய வாய், பாதி விழுங்கிய இறாலோடு இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியில் இறாலின் கண் தெரிந்தது.

"இது என்ன தம்பி?"

பொய் தயாராகத்தான் இருந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

"இறால்க்கா."

"எத்தன நாளா?"

"இதோட மூணு தடவ."

"ஆப்பரேஷனுக்கு மொத நாளு வந்தீங்களே. அன்னைக்கும்?"

"ஆமாக்கா."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் உள்ள அவரக் காப்பாத்துன்னு கும்புட்டுகிட்டு இருந்தேன். நீங்க இங்க நின்னு இதச் செஞ்சிருக்கீங்க. இப்ப அவருக்கு ஒன்னுன்னா நான் யாரப் போயிக் கேக்கறது?"

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. நான் படித்ததெல்லாம் அதைத்தான் சொன்னது, இன்றும் அதையேதான் நம்புகிறேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு அது பதில் இல்லை. அவர் கொடுத்த வாக்கை அவருக்குத் தெரியாமல் நான் உடைத்தேன். கணவர் ஆப்பரேஷன் மேசைமேல் கிடக்கிற நேரத்தில் அதை அவர் தலையில் இறக்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வாரம் முழுக்க நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

"எடுங்க" என்றார். "எல்லாத்தையும் எடுங்க."

பீச்சுக்குழலை அமுக்கிப் பிடித்து, வைத்த இறாலை ஒவ்வொரு வாயிலிருந்தும் உறிஞ்சி எடுக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. முதலில் ஏழெட்டு சுலபமாக வந்தன. அப்புறம் அந்தப் பெரிய வாய். இறாலை இழுத்தால் வாயும் சேர்ந்து வந்தது. விடவில்லை.  இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சதை மெல்லிசாக நீண்டது. அக்கா எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தார்.

"போதும், விடுங்க."

"அக்கா?"

"திங்கறத வாய்லருந்து புடுங்காதீங்க தம்பி. அது அதவிடப் பாவம்."

நான் விட்டேன். அந்த வாய் மெதுவாக மிச்ச இறாலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. இருவரும் அது முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். வாசலில், செய்தி கேட்டு முன்னாலேயே வந்துவிட்ட மருமகனின் கார் ஹாரன் கேட்டது. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசல்வரை போய் நின்றார்.

"எங்க வீட்டு நாய்க்குத் தெனம் கோழித்தல வேணும். அது என்ன புரட்டாசி புடிக்குதா? ஆன்ட்டி வீட்ல வேக வச்சு, கேட்டுக்கு வெளிய வச்சுத்தான் குடுக்கறேன். இதையும் தூக்கிட்டுப் போயி வெளிய வச்சுக் குடுக்க முடியாதான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கார் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே நாயின் அலுமினியத் தட்டு கிடந்தது. அந்த வாரத்தில் மூன்று முறை நான் அந்தத் தட்டைத் தாண்டி வந்திருக்கிறேன். வாக்கை மீறவும் தேவையில்லை, பவளம் சாகவும் தேவையில்லை. அந்த அம்மாவுக்கு வழி தெரிந்திருந்தது. அவருக்குத் தொட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் முடிவு கட்டியதால் கேட்கவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. சுத்தமான வாளி ஒன்றில் தொட்டித் தண்ணீரையே பிடித்து, இரண்டு கல்லை அதில் இறக்கிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனேன். சீன ஆன்ட்டி ஐஸ்பெட்டியில் இருந்த இறாலைக் கொடுத்ததோடு ஒரு முக்காலியும் கொடுத்தார். ரம்புத்தான் மர நிழலில் உட்கார்ந்து ஊட்டினேன். முன்கல்லை மட்டும் அன்று தொடவில்லை, அது பட்ட பாடு போதும். ஊட்டி முடித்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடியும் உள்ளே வைத்தேன். மிச்சம் எல்லாம் வாளியோடு போய்விடுவதால் தொட்டித் தண்ணீர் நாலே நாளில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் செய்தேன். என் முறை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய், லெட்சுமி அக்கா முறை.

ஆனால் அந்த மதியம் எனக்கு இதொன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு ஊட்டினேன். நாலு மணிக்கு மேல் மகன் கூப்பிட்டான். ரத்தம் நின்றுவிட்டது, அப்பா பிழைத்துக்கொண்டார் என்றான். ஆன்ட்டியின் முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஆன்ட்டி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

புரட்டாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நேரே தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். ஓரத்துக் குட்டிகள் போனது போனதுதான், ஆனால் மற்றவை விரிந்திருந்தன. "யாரு குடுத்தா?" என்றார். "தம்பிதான். கேட்டுக்கு வெளிய வச்சுக் குடுத்தாரு" என்றார் அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணன் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்குச் சுட்டது.

மாதம் முடிந்தது. தாமான் முழுக்கக் கோழிக்கறி வாசம். அந்த வீட்டில் மட்டும் சைவம் தொடர்ந்தது. ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று மட்டும் அக்கா சொன்னாராம். நான் இறால் வைத்த மூன்று காலைக்கு ஈடாக அந்த மூன்று நாள் என்று எனக்கு மட்டும் புரிந்தது. மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. மதியம் சாப்பிட வரச் சொன்னார். போனேன். தரையில் மூன்று இலை போட்டிருந்தது. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.

"ஜோசப்பு எதுக்கு இதத் திங்கணும்? அவன் என்ன புரட்டாசி புடிச்சானா?" என்றார் அண்ணன்.

"அவருக்கும் ஒரு வேண்டுதல் இருந்துச்சு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

அங்கே அப்படியே விட்டிருக்கலாம். அக்கா எனக்காகக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். சோற்றில் கை வைக்க முடியாமல் நானே திறந்தேன். குறைத்துக் கொடு என்று சொன்னது முதல், சட்டைக்குள் பொட்டலத்தை மறைத்தது, அந்த வெள்ளிக்கிழமை போன் வந்த நேரம் வரை எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன்.  அவர் நெஞ்சில் தையல் போட்ட இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பவளம் செத்திருந்தா வேற வாங்கியிருப்பேன்டா" என்றார் கடைசியில். "லுக்குட்லருந்து கே.எல். வரைக்கும் இவ அந்தக் கார்ல என்ன நெனச்சுகிட்டு வந்திருப்பா? அத யோசிச்சியா நீ?"

 அதை நான் யோசிக்கவேயில்லை.

அக்கா ரசப் பாத்திரத்தை எடுத்தார். "ஆறிப் போவுது. ஊத்திக்குங்க தம்பி."

சோற்றில் குழி பறித்தேன். அவர் ஊற்றினார்.